புதுப்பிப்பு: நரம்புப் பாதைப் படத்தை எவ்வளவு நம்பலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் என் தம்பியின் மூளைக் கட்டி அறுவைக்காக எடுத்த வண்ண நரம்புப் பாதைப் படத்தை அப்படியே நம்பலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். இந்தப் படத்துக்குப் பயன்படும் எம்ஆர்ஐ நரம்பிழையை நேரே காண்பதில்லை. நீர் மூலக்கூறுகள் பரவும் திசையை அளந்து, அதைக் கொண்டு கணினி கோடு இழுக்கிறது.

விடை முன்பே தெரிந்த 25 நரம்புக் கற்றைகள் கொண்ட செயற்கைப் படத்தை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்துச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், பெரும்பாலான முறைகள் 90 விழுக்காட்டுக் கற்றைகளை ஓரளவேனும் கண்டறிந்திருந்தாலும், இல்லாத கற்றைகளை அதைவிட மிகுதியாக வரைந்திருந்தன. அவற்றில் பாதி பல குழுக்களுக்கும் பொதுவான பிழை என்பதுதான் என்னை உலுக்கியது.

தம்பியின் படத்தில் கட்டியின் ஓரம் நீலக் கோடு சட்டென அறுந்து நிற்கிறது. அங்கே நரம்பில்லை என்று பொருளல்ல, வீக்கத்தின் நீரும் கோட்டை மறைக்கும் என்றார் மருத்துவர். அறுவையின்போது மின்தூண்டலால் சரிபார்ப்பார்களாம்.