லைட்டிஎம்முக்கு மாறிய பின் உள்நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி:
வணக்கம். என் மேசைக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ பணிச்சூழலுடன் இயங்குகிறது. நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்பதால், உள்நுழைவுத் திரைக்காகவே க்னோம் ஷெல் என்ற பெரிய பணிச்சூழல் நிரலை ஏற்றும் ஜிடிஎம்3 (சுருக்கமாக ஜிடிஎம்) என்ற உள்நுழைவு நிரல் வேண்டாமென்று முடிவுசெய்து, நேற்று அதற்குப் பதிலாக லைட்டிஎம்மை நிறுவினேன். எது இயல்பிருப்பாக இருக்க வேண்டும் என்று கேட்ட நீலத் திரையிலும் அதையே தேர்ந்தெடுத்தேன். இப்போது சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தால் திரை ஒரு நொடி கறுத்து, மீண்டும் உள்நுழைவுக்கே வந்து நிற்கிறது. கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்தால்தான் பிழைச்செய்தி வருகிறது. ஜிடிஎம்முக்குத் திரும்பினால் எந்தச் சிக்கலும் இல்லை.

மறுமொழி 1:
வட்டு நிரம்பியிருந்தாலும் இப்படி நேரும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, உரை முனையத்தில் உள்நுழைந்து காலியிடத்தைப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் ஐயா, 60 ஜிபி காலியாக இருக்கிறது.

மறுமொழி 2:
ஜிடிஎம்மில் வேலை செய்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது. திரையைப் பயன்படுத்தும் உரிமைக்கான சாவியை ஜிடிஎம் 'ரன்' அடைவுக்குள் வைத்துக்கொள்கிறது. லைட்டிஎம்மோ அதை உங்கள் வீட்டு அடைவில், புள்ளியில் தொடங்கும் எக்ஸ்-அத்தாரிட்டி என்ற மறைகோப்பில் எழுத முயல்கிறது. அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட் (கணினியின் முழு அதிகாரமும் உள்ள நிர்வாகப் பயனர்) என்றிருந்தால் எழுத முடியாமல் அமர்வு உடனே முடிந்துவிடும். மறைகோப்புகளையும் காட்டும்படி பட்டியலிட்டு, உரிமையாளர் யாரென்று பாருங்கள். ரூட் என்றிருந்தால் கோப்பை அழித்துவிடலாம். அடைவு உங்களுடையது என்பதால் அதற்கு நிர்வாக அதிகாரம் தரும் சுடோ கட்டளைகூடத் தேவையில்லை. அடுத்த உள்நுழைவில் அது புதிதாக உருவாகிவிடும். அதுவரை ஜிடிஎம்3-ஐ நீக்கிவிடாதீர்கள்.

கேட்டவர்:
ரூட் என்றேதான் இருந்தது. பழைய வட்டிலிருந்து சில மறைகோப்புகளை ரூட் பயனராக நகலெடுத்தபோது இதுவும் கூடவே வந்திருக்கிறது. அழித்தேன், உடனே உள்நுழைய முடிந்தது, மிக்க நன்றி. இன்னொன்று: வீட்டில் மூவர் பயன்படுத்தும் கணினியில், பயனர் பெயரை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறதே?

மறுமொழி 1:
பெயர்களை மறைக்கும் அமைப்பு இயங்குவதால் அப்படி. 'இடிசி' அடைவுக்குள் உள்ள லைட்டிஎம் அமைவுக் கோப்பில், 'சீட்' பகுதியின் கீழ், கிரீட்டர்-ஹைட்-யூசர்ஸ் என்ற வரியின் முன்னுள்ள # குறியை நீக்கி, மதிப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றுங்கள். அதே பெயரில் கோப்பின் மேற்பகுதியில் வெறும் விளக்கமாக ஒரு வரி உண்டு. அதைத் திருத்திவிட்டு ஒரு மாலை முழுவதும் விழித்துக்கொண்டிருந்தவன் நான்.