பாராமோட்டார்: காற்றே இல்லாத காலையில் இறக்கை தலைக்கு மேல் வரவில்லை, உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் புணே பக்கம் காம்ஷெட்டில் மலைச்சரிவில் பாராகிளைடிங் கற்றுக்கொண்டேன். அப்புறம் பழைய பாராமோட்டார் (முதுகில் எஞ்சினை மாட்டிக்கொண்டு துணி இறக்கையில் பறப்பது) ஒன்று வாங்கி, பயிற்சியாளர் ரேடியோவில் சொல்லச் சொல்ல நான்கு முறை ஏறி இறங்கினேன். அந்த நாட்களில் எதிர்க்காற்று நன்றாக இருந்தது. இப்போது ஊருக்கு வந்து வற்றிய ஏரிப் படுகையில் விடியற்காலை 6 மணிக்கு முயன்றால் எழும்பவே முடியவில்லை.

என் எடை 78 கிலோ, பெட்ரோலோடு எஞ்சின் 32, இறக்கை 6. ஆக 116. இறக்கை 26 சதுர மீட்டர், 95 முதல் 120 கிலோ வரை தாங்கும் என்று அதிலேயே போட்டிருக்கிறது, அதனால் அளவில் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஓடத் தொடங்கினால் இறக்கை பாதி எழுந்து முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆளைப் பின்னுக்கு இழுக்கிறது. உடனே குனிந்து திராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் கைப்பிடி) முழுசாக அழுத்துகிறேன், அது வலது பக்கம் சாய்ந்து விழுகிறது. ஒரே ஒரு முறை மேலே வந்தது. கால் தரையை விட்டதும் சீட்டில் உட்கார்ந்தேன், தொப்பென்று இறங்கி புரொப்பெல்லர் நுனி இரண்டு விரல் அளவு சிதறிவிட்டது. இதுவரை ஏழு முயற்சி. மனசு விட்டுப்போகிறது.

பதில் 1:
தம்பி, முதலில் அந்த புரொப்பெல்லரை மாற்றுங்கள். டேப் ஒட்டி ஓட்டவே கூடாது, எடை சமமில்லாமல் சுற்றினால் அதிர்வில் எஞ்சின் மவுண்டே போய்விடும்.

இறக்கை பின்னால் நிற்கும்போது திராட்டில் கொடுப்பதுதான் உங்கள் பெரிய தப்பு. அந்த நேரத்தில் லைன்கள் (இறக்கையின் கயிறுகள்) கேஜை, அதாவது புரொப்பெல்லரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தை, அழுத்திக்கொண்டிருக்கும், கேஜ் வளைந்து புரொப்பெல்லரைத் தொட்டால் லைன் அறுந்துவிடும். இறக்கையை எழுப்புவது உங்கள் கால்கள், எஞ்சின் இல்லை. அது தலைக்கு மேல் வந்த பிறகுதான் முழு விசை. குனிந்து ஓடுவதையும் நிறுத்துங்கள். நீங்கள் குனிந்தால் எஞ்சினும் சேர்ந்து சாய்ந்து, உங்களைத் தரையை நோக்கித்தான் தள்ளும். நெஞ்சை நிமிர்த்தி, கேஜின் மேல் சாய்ந்துகொள்கிற மாதிரி நின்று ஓடிப் பாருங்கள், அதே எஞ்சின் எப்படித் தள்ளுகிறது என்று தெரியும்.

பதில் 2:
வலது பக்கம் விழுவதற்கு என் அனுபவத்தில் இரண்டு காரணம். ஒன்று, காற்று இல்லை என்று நாம் நினைக்கும்போதும் மெல்லிய இழுப்பு ஒரு பக்கமிருந்து இருக்கும். ஒரு குச்சியில் பட்டுநூல் கட்டி நட்டு வையுங்கள், அது எங்கிருந்து ஆடுகிறதோ அந்தத் திசையைப் பார்த்து ஓடுங்கள். இரண்டு, இறக்கையை விரித்த விதம். நடுப்பகுதி உங்களிடமிருந்து தள்ளியும் இரண்டு ஓரங்களும் உங்களை நோக்கி வளைந்தும் லாடம் மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் நடு முதலில் காற்று வாங்கும். ஏ-ரைசர்களை (இறக்கையின் முன்பக்கக் கயிறுகள் வந்து சேரும் பட்டைகள்) கையால் முன்னுக்கு இழுக்காதீர்கள், பிடித்து வழிகாட்டினால் போதும். அதே சமயம் அவசரப்பட்டு விட்டுவிடவும் கூடாது. சாய்ந்தால் சாய்கிற பக்கத்துக்கு அடியில் ஓடுங்கள், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் இன்னும் கவிழும்.

ஒரு வாரம் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, லேசான காற்றுள்ள மாலையில் இறக்கையை மட்டும் எழுப்பிப் பழகுங்கள். நான் அப்படி இருபது மணி நேரமாவது செய்திருப்பேன், ஒரு நிமிஷமும் வீண் போகவில்லை.

பதில் 3:
உட்கார்ந்தது பற்றி யாரும் சொல்லவில்லை. கால் தரையை விட்டாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இறக்கைக்கு வேகம் போதாவிட்டால் மறுபடி தரை வரும், அதைத் தாங்கக் கால் வேண்டும். 30 மீட்டர் தாண்டி நேராக ஏறிய பிறகுதான் சீட்.

இன்னொன்று. ஏரி என்கிறீர்கள், நடுவில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் மிதவை கட்டாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். முதுகில் எஞ்சினோடு தண்ணீரில் விழுந்தால் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் மூழ்கிவிடுவீர்கள். தனியாகவும் முயல வேண்டாம், உங்கள் பயிற்சியாளரையே ஒரு நாள் வரச்சொல்லுங்கள்.

கேட்டவர்:
அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. ஒன்பது மாலை வெறும் இறக்கையோடு நின்றேன், புது புரொப்பெல்லர் போட்டேன், பயிற்சியாளரும் வந்தார். நேற்று காலை நூல் ஆடவே இல்லை. ஓடினேன், தோளில் இருந்த இழுப்பு சட்டென்று குறைந்தது, இறக்கை மேலே வந்துவிட்டது என்று நிமிராமலே புரிந்தது, அப்புறம்தான் திராட்டில். சுமார் நாற்பது காலடி ஓடியிருப்பேன், கால் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது! ஆனால் ஏறும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்புகிறது. பிரேக் (இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் கைப்பிடி) பிடிக்கலாமா?

பதில் 1 எழுதியவர்:
ரொம்ப மகிழ்ச்சி தம்பி. அது புரொப்பெல்லர் சுற்றுவதற்கு எதிராக உடம்பு முறுகுவது. வேகம் குறைவாக ஏறும்போது எதிர்ப்பக்க பிரேக்கை ஆழமாகப் பிடித்தால் இறக்கை அந்தப் பக்கம் தூக்கும் விசையை இழந்துவிடும், ஆபத்து. கைகளை மேலே விட்டு, திராட்டிலைக் கொஞ்சம் குறையுங்கள், முறுக்கும் குறையும். தரையில் ஹார்னஸை (நீங்கள் உட்காரும் பெல்ட் அமைப்பு) தொங்கவிட்டு இரண்டு பக்க வார்களின் நீளத்தையும் ஒருமுறை பாருங்கள்.