எஸ்டஸ் பார்க்கில் ஆர்வி ஃபிரிட்ஜ் கேஸில் அணைந்துகொண்டே இருக்கிறது

வணக்கம். கொலராடோவில் எஸ்டஸ் பார்க் ஊரில் வாடகை ஆர்வியோடு (உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டி) நிற்கிறோம். 2019 ஃபோர்ட் ஈ-450, 28 அடி நீளம், கிளாஸ் சி (வேன் அடித்தளத்தில் கட்டிய ரகம்). ஃபிரிட்ஜ் கரன்ட், கேஸ் இரண்டிலும் ஓடும் ரகம்.

கரன்டில் நன்றாகக் குளிர்கிறது. கேஸுக்கு மாற்றினால் டிக் டிக்கென்று பற்றுகிறது; வெளிமூடியைத் திறந்தால் நீலச் சுடர் தெரிகிறது. பத்து நிமிடத்தில் அது மஞ்சளாகி, நடுங்கி, அணைந்துவிடுகிறது. அப்புறம் சிவப்பு விளக்கு.

வியாழன் இரவு முழுக்க டென்வரில் (5,280 அடி) கேஸில்தான் ஓடியது. இங்கே சுமார் 7,500 அடி. வந்ததிலிருந்து இதே தொல்லை.

வண்டியைச் சமமாக நிறுத்தினேன். கேஸ் முக்கால் டேங்க் இருக்கிறது, அடுப்பும் சரியாக எரிகிறது. பர்னர் கரியைத் துடைத்தேன். நாலு முறை ரீசெட் செய்தேன். வாடகைக்குக் கொடுத்தவர்கள் திங்கட்கிழமைதான் ஆள் அனுப்புவார்களாம்.

நாளை ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குள் கிளேசியர் பேசின் முகாமுக்குப் போகிறோம். அங்கே கரன்ட் இணைப்பு கிடையாது, உயரமும் இன்னும் கூடுதல். அம்மாவின் இன்சுலின் இந்த ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. ஐஸ் பெட்டி வாங்கிவிட்டேன், ஆனால் உறைந்துவிட்டால் மருந்து வீண் என்று பயமாக இருக்கிறது.

இந்த உயரத்தில் சுடர் அணையாமல் இருக்க, நானே பாதுகாப்பாகச் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?