மேலே ஐஸ் உறைகிறது, கீழே மாவு புளிக்கிறது: கேஸ் போய்விட்டது என்பது சரியா?

பாளை வாசகி:

வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 260 லிட்டர் கொள்ளளவுள்ள, இரட்டைக் கதவு வைத்த, பனி தானாகக் கரையும் வகைக் குளிர்சாதனப் பெட்டி. வாங்கி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. கடந்த பத்து நாட்களாக மேலேயுள்ள ஃப்ரீசரில் தண்ணீர் வழக்கம்போல் உறைகிறது. ஆனால் கீழ் அறையில் குளிர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்து, இப்போது இல்லை என்றே சொல்லலாம். காலையில் வாங்கி வைத்த பாலை மாலையில் காய்ச்சினால் திரிந்துவிடுகிறது. நேற்று இரவு வைத்த இட்லி மாவு விடிவதற்குள் பொங்கி, தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடித் தட்டெல்லாம் வழிந்திருந்தது. உள்விளக்கு எரிகிறது. கம்ப்ரசர் முன்பைவிட இடைவெளியில்லாமல் ஓடுகிறது.

பார்க்க வந்த மெக்கானிக் பின்பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கேஸ் போய்விட்டது, நிரப்ப 3,500 ரூபாய் ஆகும் என்றார். ஆறு வருடம் ஓடினால் கேஸ் தீரத்தானே செய்யும் என்பது அவர் சொன்ன காரணம். ஃப்ரீசரில் ஐஸ் உறையும்போது கேஸ் எப்படித் தீர்ந்திருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. பணத்தைக் கொடுப்பதற்கு முன் நானே சோதித்துப் பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பழைய பட்டறைக்காரன்:

அம்மா, உங்கள் ஐயம் நியாயமானது. ஃபிரிட்ஜில் உள்ள கேஸ், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் போன்றதன்று. அது செலவாவதே இல்லை. பற்றவைத்து அடைத்த குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தாலொழியக் குறையாது. ஆகவே கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்பவர், எந்த இடத்தில் கசிகிறது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால், புதிதாகப் போட்ட கேஸும் அதே வழியில்தான் போகும்.

உங்கள் வகைப் பெட்டியில் பெரும்பாலும் கீழ் அறைக்கென்று தனியாகக் கூலிங் காயில், அதாவது கேஸ் ஓடிக் குளிரூட்டும் வளைகுழாய், கிடையாது. ஃப்ரீசரின் பின்சுவரில் தெரியும் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஒரே ஒரு காயில் இருக்கிறது. ஒரு சிறு விசிறி அதன் வழியாகக் காற்றை இழுத்து, பெரும்பகுதியை ஃப்ரீசருக்கும் மிச்சத்தைக் கீழ் அறைக்கும் அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நுழையும் ஈரம் அந்தக் காயிலில் பனியாகப் படியும். கம்ப்ரசர் சில மணி நேரம் ஓடியதும், டைமரோ எலெக்ட்ரானிக் போர்டோ அதை நிறுத்திவிட்டு, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டரை இருபது முப்பது நிமிடம் சூடேற்றிப் பனியைக் கரைக்கும். உருகிய நீர் ஒரு குழாய் வழியே கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். இந்த ஹீட்டருக்கு மின்சாரம் போகாவிட்டால் பனி நாளுக்கு நாள் தடித்து, காயிலின் இடுக்குகளை அடைத்து, காற்றுக்கு வழியில்லாமல் செய்துவிடும். ஃப்ரீசர் அந்தப் பனிப்பாளத்தை ஒட்டியே இருப்பதால் இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்கும். காற்றை மட்டும் நம்பியிருக்கும் கீழ் அறைதான் முதலில் பட்டினி கிடக்கும்.

முதலில், கீழ் அறையின் பின்சுவரில் உள்ள காற்றுத் துளைகளை உங்கள் மாவுத் தூக்கு மறைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ வீடுகளில் நோய் அவ்வளவுதான். அது இல்லையென்றால், பொருள்களை வெளியே எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் திறந்தபடி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அடியில் பழைய துணிகளைப் பரப்பி வையுங்கள், நிறையத் தண்ணீர் வரும். பிறகு ஓடவிடும்போது கீழ் அறை பழையபடி குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி குளிர்ச்சி இழந்தால், கோளாறு பனி கரைக்கும் பகுதியில் இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். கேஸ் இல்லாத பெட்டி, ஒருநாள் ஓய்வு கொடுத்ததால் குளிர்ந்துவிடாது. அவசரப்பட்டுக் கத்தியால் பனியைக் குத்தாதீர்கள்; உள்ளே இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு கீறல் விழுந்தால், அந்த மெக்கானிக் சொன்னது உண்மையாகவே ஆகிவிடும்.

ஓம் விதி:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஐஸ் உறைகிறது என்பதாலேயே கேஸ் முழுமையாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உறைந்துவிடும். நல்ல ஃப்ரீசர் இருக்க வேண்டியதோ மைனஸ் 18 டிகிரியில். கேஸ் பாதி கசிந்த பெட்டியிலும் ஐஸ் உறையும், கீழ் அறை வெதுவெதுப்பாக இருக்கும். வீட்டில் ஐஸ்கிரீம் இருந்தால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இல்லாமல் கரண்டி எளிதில் இறங்கினால், ஃப்ரீசரும் சரியில்லை என்று பொருள்.

ஐயமற இரண்டையும் பிரித்தறிவதற்குப் பலகையைக் கழற்றிப் பார்ப்பதே வழி. காயில் முழுவதும் சீராக வெண்பனி மூடியிருந்தால் ஹீட்டர் பக்கம் தேட வேண்டும். கேஸ் நுழையும் முனையை ஒட்டிய இரண்டொரு வளைவுகளில் மட்டும் பனி பிடித்து, மற்றவை வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு. பின்பக்கத்தைத் தொட்டு இதைக் கண்டுபிடித்த வித்தை எனக்குப் புரியவில்லை, ஏனெனில் இப்போதைய பல மாடல்களில் சூட்டை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே மறைந்திருக்கின்றன.

பெட்டியில் ஒட்டியுள்ள தாளில் ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், சமையல் எரிவாயுவின் நெருங்கிய உறவு. அளவு 100 கிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்றாலும் தீப்பிடிக்கக்கூடியது. பழக்கமில்லாத ஒருவர் உங்கள் சமையலறையில் நின்றுகொண்டு அந்தக் குழாயைப் பற்றவைக்க நீங்கள் சம்மதிக்கக் கூடாது.

பாளை வாசகி:

இருவருக்கும் நன்றி. தூக்கு துளையை மறைக்கவில்லை. 24 மணி நேரம் அணைத்து வைத்தேன். இரண்டு துண்டுகள் சொட்டச் சொட்ட நனைந்தன. மறுநாள் கீழ் அறையில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது 4 டிகிரி காட்டியது. ஒன்பதாம் நாள் அதே தம்ளரில் 12 டிகிரி.

வேறொரு மெக்கானிக்கை அழைத்துப் பலகையைக் கழற்றச் சொன்னேன். காயில் கண்ணுக்கே தெரியவில்லை. தூத்துக்குடி உப்புப் பாத்திபோல் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. பனியைக் கரைத்தபின் அவர் மீட்டர் வைத்துப் பார்த்தார்: ஹீட்டரின் மின்தடை 340 ஓம் காட்டுகிறது, ஆனால் அதனுடன் தொடராக இணைந்த சிறிய வெள்ளைத் தெர்மல் ஃபியூஸ் அறுந்திருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். போதுமா?

பழைய பட்டறைக்காரன்:

ஹீட்டர் நன்றாக இருக்கிறது. 150 வாட் ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் 350 ஓம் அளவில்தான் இருக்கும். ஆனால் அந்த ஃபியூஸ் பொதுவாக 70 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அறுபடும். அது ஏன் அவ்வளவு சூடேறியது என்று கேட்க வேண்டும். பனி கரைந்து காயில் சூடானதும் ஹீட்டரை நிறுத்த வேண்டியது பைமெட்டல் தெர்மோஸ்டாட். அது ஒட்டிக்கொண்டுவிட்டால் ஹீட்டர் நிற்காமல் எரிந்து ஃபியூஸைப் பலிவாங்கும். பைமெட்டல் குளிரில் மின்சாரத்தை விட வேண்டும், அறை வெப்பத்தில் துண்டிக்க வேண்டும். இப்போது அறை வெப்பத்துக்கு வந்திருக்கும், மீட்டரை அதில் வைக்கச் சொல்லுங்கள். தொடர்பு காட்டினால், அதாவது அதன் வழியே மின்சாரம் போகிறது என்றால், அதையும் மாற்றியாக வேண்டும். ஃபியூஸ் கடையில் கிடைக்கவில்லை என்று சொல்லி இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட மட்டும் விடாதீர்கள். பிளாஸ்டிக்குக்கு நடுவே ஒரு ஹீட்டரைக் காவலில்லாமல் எரியவிடுவதற்கு அது சமம்.

பலகையை மூடுவதற்கு முன், காயிலுக்குக் கீழேயுள்ள வடிகால் துளையில் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரை ஊற்றிப் பின்பக்கத் தட்டில் வந்து விழுகிறதா என்றும் பாருங்கள். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டைச் செருகிக் கதவை மூடி இழுத்தால் தடையில்லாமல் வருகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம். ரப்பர் தளர்ந்திருந்தால் ஈரம் ஓயாமல் உள்ளே போகும்.

பாளை வாசகி:

பைமெட்டல் அறை வெப்பத்திலும் தொடர்பு காட்டியது, ஐயா. இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன்; உதிரிப் பாகமும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய். ஊற்றிய நீர் தட்டில் விழுந்தது. மேல் கதவில் நோட்டு இறுக்கமாக நிற்கிறது, கீழ்க் கதவின் கீல் பக்க மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது. ரப்பரை வெந்நீர்த் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.