ஹவாய் காதணி வெளி: வான் காம்பன் போட்டால் விடை ஏன் தப்பாக வருகிறது?

மன்னார்குடி மாணவி:
ஹவாய் காதணியில் வட்டம் 1-க்கு ஆரம் 1, வட்டம் 2-க்கு 1/2, வட்டம் 3-க்கு 1/3... எல்லாம் ஆதிப்புள்ளியில் தொடுகின்றன. ஒவ்வொன்றின் அடிப்படைக் குலமும் (ஆதியில் தொடங்கி ஆதியில் முடியும் லூப்களின் குலம்) முழு எண்கள். திறந்த துண்டுகளின் குலங்களைச் சேர்த்து முழு வெளியின் குலத்தைத் தரும் வான் காம்பன் தேற்றப்படி, எண்ணிடத்தக்க பிறப்பிகள் கொண்ட கட்டற்ற குலம் (பிறப்பிகளுக்கிடையே எந்த உறவும் இல்லாதது) கிடைக்கிறது. ஆனால் சரியான விடை எண்ணிடத்தகாத குலம் என்கிறார்கள். எந்த வரி தப்பு சார்?

திருவையாறு:
"ஒவ்வொரு வட்டத்தையும் கொஞ்சம் தடிப்பாக்கித் திறந்த கணமாக்கலாம்" என்று எழுதியிருப்பீர்கள், அந்த வரிதான். ஆதியைச் சுற்றி 1/10 ஆரத்தில் திறந்த தட்டு எடுங்கள். வட்டம் 21-இன் விட்டம் 2/21, அது 1/10-ஐவிடச் சின்னது. ஆக 21 முதல் எல்லா வட்டமும் முழுசாக உள்ளே வந்துவிடும். தட்டு எவ்வளவு சுருங்கினாலும் இதே கதி. அரை உள்ளகமாக எளிய தொடுப்புள்ளது (ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும், உள்ளிருக்கும் லூப்கள் எல்லாம் முழு வெளியில் ஒரு புள்ளியாகச் சுருங்கும்படி ஒரு சிறு பகுதி உண்டு) என்ற நிபந்தனை இங்கே உடைகிறது. அதனால் எளிய தொடுப்புள்ள உறை வெளியும் கிடையாது.

உங்கள் விடை சிடபிள்யூ இடவியல் போட்ட வெட்ஜுக்குச் சரி (அதே வட்டங்களை ஒரு புள்ளியில் ஒட்டியது, ஆனால் வட்டங்கள் அந்தப் புள்ளியை நோக்கிச் சுருங்குவதில்லை). அங்கே ஒரு லூப் முடிவுள்ள வட்டங்களையே முழுசாகச் சுற்ற முடியும். இங்கே [0, 1/2]-இல் வட்டம் 1, [1/2, 3/4]-இல் வட்டம் 2, இப்படியே போகலாம். ஆரங்கள் பூச்சியத்துக்குப் போவதால் 1-இலும் தொடர்ச்சி கெடாது. இதில் உங்களுக்குப் பிடித்த வட்டங்களை மட்டும் சுற்றி, மற்ற நேரம் ஆதியிலேயே நில்லுங்கள். இயல் எண்களின் ஒவ்வொரு உட்கணத்துக்கும் ஒரு லூப். இரண்டு உட்கணங்கள் வேறென்றால் ஏதோ ஒரு வட்டத்தில் சுற்று எண் 0, 1 என மாறும். எண்ணிடத்தகாமை முடிந்தது.

மன்னார்குடி மாணவி:
அப்படியானால் முடிவுள்ள பிறப்பிகள் கொண்ட கட்டற்ற குலங்களின் இன்வர்ஸ் லிமிட்தானே (ஒவ்வொரு நிலையிலும் ஒன்றோடொன்று பொருந்தும் உறுப்புகளின் வரிசைகள்) இது?

நாகப்பட்டினம்:
இல்லைம்மா, அதன் உட்குலம் மட்டும்தான். கல்லணையில் ஷட்டரை இறக்குவதுபோல, குறிப்பிட்ட எண்ணுக்கு மேற்பட்ட வட்டங்களை ஆதிக்குள் அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஒரு கட்டற்ற குலம். எல்லா நிலையிலும் அற்பமாகிற (ஒரு புள்ளியாகச் சுருங்குகிற) லூப் நம் காதணி வெளி H-இலும் அற்பமே என்பது கிரிஃபித்ஸ் 1956-இல் சொன்னது. நிரூபணத்தின் ஓட்டையை 1986-இல் மார்கனும் மாரிசனும் அடைத்தார்கள்.

ஆனால் இன்வர்ஸ் லிமிட்டின் எல்லா உறுப்பையும் லூப்பால் எட்ட முடியாது. அₙ என்பது வட்டம் n-ஐ ஒருமுறை சுற்றுவது, அₙ⁻¹ எதிர்த்திசையில் சுற்றுவது என்று வைத்து இதைப் பாருங்கள்:
(அ₁அ₂அ₁⁻¹அ₂⁻¹)(அ₁அ₃அ₁⁻¹அ₃⁻¹)(அ₁அ₄அ₁⁻¹அ₄⁻¹)…
கடைசி வட்டத்தை அடைத்தால் கடைசி அடைப்புக்குறி மட்டும் அழியும், எனவே இன்வர்ஸ் லிமிட்டில் இது சரியான உறுப்பு. ஆனால் சொல்லில் வெட்டுப்பட எதுவும் இல்லை; நிலை ஏற ஏற அ₁ வரும் எண்ணிக்கையும் எல்லையின்றி ஏறும். லூப் வட்டம் 1-ஐ முடிவின்றிச் சுற்ற வேண்டும். சீரான தொடர்ச்சி விடாது: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறைந்தபட்ச நேரம் தேவை, இருப்பதோ [0, 1] மட்டும்.

திருவையாறு:
தேர்வுக்கு இன்னொன்று. இந்த வெளியின் மேல் கூம்பு போட்டால் (ஒவ்வொரு புள்ளியையும் ஒரே உச்சியோடு இணைத்தால்) அது சுருங்கத்தக்கது. அப்படி இரண்டு கூம்புகளை அடிவட்டங்களின் ஆதியில் ஒட்டினால் குலம் அற்பம் என்று எழுதிவிடாதீர்கள். இடது 1, வலது 1, இடது 2, வலது 2 என்று மாறிமாறிச் சுற்றும் லூப் அங்கே அவிழாது.