பிரிட்டன் லைசென்ஸ், அமெரிக்கப் பதிவு விமானம்: பிரான்சுக்குப் பறக்கலாமா?

கேள்வி:
என்னிடம் இருப்பது பிரிட்டன் கொடுத்த பி.பி.எல்., அதாவது தனியார் விமானி லைசென்ஸ். மெடிக்கல் என்கிற உடல்தகுதிச் சான்றும் காலாவதியாகவில்லை. நண்பரின் நான்கு இருக்கை விமானத்தை இரண்டு வருடமாக பிரிட்டனுக்குள் ஓட்டி வருகிறேன். அதன் பதிவெண் 'என்' எழுத்தில் தொடங்கும், அதாவது அமெரிக்கப் பதிவு. அடுத்த மாதம் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரான்சுக்குப் போக வேண்டும். "ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு) தர லைசென்ஸ், எங்கும் செல்லும்" என்கிறார் நண்பர். கிளப்பில் ஒருவர் கூடவே கூடாது என்கிறார். குழம்பிப் போயிருக்கிறேன்.

பதில் 1:
தாராளமாகப் போகலாம். இதே லைசென்ஸில் 'ஜி' பதிவு விமானத்தை ஓட்டிக்கொண்டு பலமுறை பிரான்ஸ் போய் வந்திருக்கிறேன்.

பதில் 2:
'ஜி' என்றால் பிரிட்டன் பதிவு, அதனால் உங்களுக்குச் சிக்கல் வரவில்லை. கேட்டவர் நிலை வேறு. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 32ஆம் பிரிவைப் பாருங்கள்: நாடு விட்டு நாடு போகும் விமானத்தின் பைலட்டுக்கு, அந்த விமானம் பதிவான நாடே லைசென்ஸ் கொடுத்திருக்க வேண்டும், அல்லது வேறு நாட்டு லைசென்ஸை அது செல்லும் என்று ஏற்றிருக்க வேண்டும். இங்கே அது அமெரிக்கா.

அமெரிக்க விதி 61.3 ஒரு சலுகை தருகிறது. அவர்கள் பதிவு விமானத்தை வேறொரு நாட்டுக்குள் ஓட்டும்போது, அந்த நாடு கொடுத்த லைசென்ஸ் போதும். கேள்வி கேட்டவரே, இதுவரை நீங்கள் ஓட்டியது அந்தச் சலுகையில்தான். கால்வாயின் நடுவில் பிரெஞ்சு எல்லைக்குள் நுழைந்ததும் அது முடிந்துவிடும்.

கேட்டவர்:
நல்லவேளை கேட்டேன் சார். வழி உண்டா?

பதில் 2:
உண்டு. விதி 61.75. உங்கள் பி.பி.எல்.லை அடிப்படையாக வைத்தே அமெரிக்கச் சான்றிதழ் தருவார்கள். லைசென்ஸ் உண்மையானதுதான் என்று பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் முதலில் உறுதி சொல்ல வேண்டும். அப்புறம் அமெரிக்க விமானத்துறை அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், ஓட்டுவதற்கு முன் ஃப்ளைட் ரிவ்யூவும் (பயிற்சியாளரோடு பறந்து திறனைச் சரிபார்ப்பது) முடிக்க வேண்டும். அடுத்த மாதத்துக்குள் நடக்கிற காரியமில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். அந்தச் சான்றிதழ் அட்டையில் உங்கள் பிரிட்டன் லைசென்ஸ் எண் அச்சாகியிருக்கும். இரண்டையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். பின்னால் பிரிட்டன் எண் மாறினால் அமெரிக்க அட்டை செல்லாது. இதில் மாட்டிக்கொண்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், பாவம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பயணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். என் லைசென்ஸ் புது எண்ணோடு வரப்போவதால், அது கைக்கு வந்த பிறகே விண்ணப்பிக்கிறேன்.