விவசாயிகள் எவ்வளவு ரிஸ்க் எடுப்பார்கள் என்று அளக்கக் கள ஆய்வில் நாம் ஆடவைக்கும் பூவா தலையா ஆட்டத்தில் மறக்க முடியாத விவசாயி யார்?

களத்துமேடு:
நமக்கெல்லாம் தெரிந்த ஆட்டம்தான். பூவுக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று போட்ட அட்டைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு, நாணயம் சுண்டு, விழுந்ததற்குக் காசு. ஒரு பெரியவர் யோசிக்கவே இல்லை. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் ஒரே தொகை தரும் அட்டையை எடுத்தார். தொகையைக் கூட்டினோம், மறுபடியும் அதே அட்டை. எழுந்து போகும்போது சொன்னார்: "கடன் வாங்கி விதைச்சுட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன் தம்பி. அந்தச் சூதாட்டம் போதாதா?" முழுக்க மானாவாரி நிலம். படிவத்தில் அவர் 'ரிஸ்க்கைத் தவிர்ப்பவர்'. எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பத்தாம்வரிசை:
எனக்கு ஹோல்ட்-லாரி பட்டியல்: பத்து வரிசை, ஒவ்வொன்றிலும் இரண்டு பரிசுச் சீட்டில் ஒன்றை எடுக்க வேண்டும், கீழே போகப் போகப் பெரிய பரிசு விழும் வாய்ப்பு கூடும். கடைசி வரிசையில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை, இரண்டு பக்கமும் உறுதியான தொகை, ஒன்று பெரியது. ஒரு அம்மா சிறியதை எடுத்தார். புரியவில்லையோ என்று திரும்ப விளக்கினேன். "புரியுது சாமி. எல்லாத்தையும் உங்ககிட்டயே வாங்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

கணக்குப்பிள்ளை:
களத்துமேடு, ஒருவர் சொன்ன ஒரு வரியை வைத்து ஆட்டத்தையே குறை சொல்லாதீர்கள். பொருளாதார ஆய்வாளர் பின்ஸ்வாங்கர் இந்த ஆட்டத்தை இந்தியக் கிராமங்களில் நிஜக் காசு கொடுத்தே செய்து 1980-இல் வெளியிட்டார். தொகை ஏற ஏறப் பெரும்பாலோர் ரிஸ்க்குக்கு நடுத்தரமாகத்தான் பயந்தார்கள். வசதி இருப்பவர், இல்லாதவர் என்று பெரிய வித்தியாசமும் இல்லை. உங்கள் பெரியவர் ஏற்கெனவே ரிஸ்க்கைச் சுமக்கிறார், மேலே ஏற்றிக்கொள்ள மாட்டார். அதுவும் தெரிந்த விஷயம்தானே? என்ன விதைத்தார், கடன் உண்டா, காப்பீடு உண்டா என்று ஆட்டத்துக்கு முன்பே கேளுங்கள். காசில்லாமல் ஒரு ஒத்திகை வையுங்கள். எழுத்துக்குப் பதில் படம் போடுங்கள். காசை அங்கேயே கொடுங்கள். நாணயத்தை அவர் கையிலேயே கொடுங்கள். என் குழுவில் ஒருவர் தானே சுண்டப்போய், "நீங்க சுண்டினா உங்க பக்கம்தானே விழும்" என்று கேட்டுவிட்டார்கள். முக்கியமாக, தனித்தனியாக உட்கார வையுங்கள்.

வரப்போரம்:
அறிவுரை யார் கேட்டார்கள்? சரி, தனியாக உட்கார வைத்தால் மட்டும்? வெளியே வந்ததும் "எவ்வளவு?" என்று சுற்றி நிற்கிறார்களே. கென்யாவில் ஜகியேலா, ஓசியர் என்ற ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். உறவினர் கூட இருந்த பெண்கள், வருமானம் வெளியே தெரியாமலிருக்க லாபத்தையே குறைத்துக்கொண்டார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு அக்கா ஜெயித்த காசை இரண்டு கவரில் கேட்டார், ஒன்று மச்சினருக்குக் காட்ட. விதிமுறையில் இடமில்லை என்று மேற்பார்வையாளர் முறைத்தார். நான் கொடுத்துவிட்டேன்.